தூண்டில் முள் கையில ஏறினா வெட்ட, கைக்கு அடக்கமான கட்டர் எது வாங்கலாம்?

முட்டுக்காடு காயாக்

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு யோசனை வேணும்.

போன ஞாயித்துக்கிழமை விடிகாலை நானும் நண்பனும் கோவளம் பக்கம் ரெண்டு காயாக்ல (துடுப்புப் போடுற சின்னப் படகு) மீன் பிடிக்கப் போயிருந்தோம். ஆறரை மணி வாக்குல அவன் தூண்டில்ல ஒரு பாறை மீன் மாட்டுச்சு. ஒன்றரை கிலோ இருக்கும். மீன் வாயைக் கவ்விப் பிடிக்கிற லிப் கிரிப்பை மாட்டறதுக்குள்ள மீன் துள்ளிச்சு, லூரோட (செயற்கை இரை) பின்பக்க ட்ரிபிள் ஹூக்ல (மூணு முனை உள்ள முள்) ஒரு முனை அவன் இடது கை பெருவிரலுக்குக் கீழ இருக்கிற சதையில இறங்கிடுச்சு. முன்பக்க ஹூக் இன்னும் மீன் வாயில. மீன் வாலை அடிக்க அடிக்க அவன் கை கூடவே இழுபட்டுது. அவன் கத்தவே இல்லை. பல்லைக் கடிச்சுக்கிட்டு "மீனைப் பிடி, மீனைப் பிடி"ன்னு மட்டும் சொன்னான்.

ஈரத்துண்டைப் போட்டு மீனை அமுக்கி, துடுப்புப் பிடியால தலையில ரெண்டு போட்டேன். அடங்கிச்சு. ஹூக்கை வெட்டலாம்னு டேக்கிள் பெட்டியில இருந்த கட்டிங் பிளேயரை எடுத்தேன். வீட்டுல வயரிங் வேலைக்கு வாங்கினது. முழு பலத்தோட அழுத்தியும் ஹூக்ல ஒரு கீறல்தான் விழுந்துச்சு. கட்டர் வாயில அரிசி மணி அளவுக்குப் பள்ளம். நான் அழுத்தினப்போ ஹூக் திரும்பி உள்ள இன்னும் கிழிச்சதுதான் எனக்குப் பெரிய வேதனை. கடைசியில லூரையும் ஹூக்கையும் சேர்க்கிற வளையத்தை, அதான் ஸ்ப்ளிட் ரிங்கை, நெம்பி லூரைக் கழட்டி, ஹூக் கையில தொங்க, கரைக்கு வந்து ஆஸ்பத்திரி போனோம். இப்போ நல்லா இருக்கான்.

இனிமே நல்ல கட்டர் இல்லாம தண்ணியில இறங்க மாட்டேன்னு முடிவு பண்ணியிருக்கேன். லைஃப் ஜாக்கெட் பையில அடங்கணும், ஒரு கையால வேலை செய்யணும், உப்புத்தண்ணி தாங்கணும். எது வாங்கலாம்?

இரும்புக்கடை_தூத்துக்குடி

தம்பி, நண்பருக்குச் சீக்கிரம் ஆறட்டும். 22 வருசமா கடையில இருக்கேன், படகுக்காரங்கதான் பாதி வாடிக்கை. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்லிடறேன்.

வயரிங் பிளேயர் செம்புக் கம்பிக்கும் கட்டுக்கம்பிக்கும் ஆனது. தூண்டில் முள் உயர் கார்பன் இரும்பு, சூடாக்கி முறுக்கேத்தினது. பெரிய மீன் இழுத்தாலும் விரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செய்யறாங்க. அதே குணம்தான் உங்க கட்டர் வாயைத் தின்னுடுச்சு.

கட்டர் வாங்கும்போது எல்லாரும் பாக்குறது "எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வெட்டும்"னு. அட்டையில பெரிசா போட்டிருக்கிற எண் பெரும்பாலும் மென்கம்பிக்கானது. நீங்க தேட வேண்டியது கடினக் கம்பி, பியானோ கம்பின்னு தனித்தனியா போட்டிருக்கிற எண். உதாரணத்துக்கு ஜெர்மனி நிப்பெக்ஸ் கம்பெனியோட கோபோல்ட், 200 மில்லி நீளம், அதாவது 8 இஞ்ச். மென்கம்பி 6 மில்லி வரைக்கும், நடுத்தரம் 5.2, கடினக் கம்பி 4, பியானோ கம்பி 3.6. ஒரே கருவிக்கு நாலு எண் ஏன்னா, மென்கம்பின்னு அவங்க சொல்றது சதுர மில்லிக்கு 220 நியூட்டன் தாங்கறது, பியானோ கம்பி 2300 தாங்கறது. பத்து மடங்கு வித்தியாசம். ஒரே ஒரு எண் மட்டும் போட்ட அட்டையைப் பாத்தா அது மென்கம்பிக்கானதுன்னே வெச்சுக்கோங்க.

கோபோல்ட்டுக்குள்ள ரெண்டு அச்சு இருக்கும். கைப்பிடி ஒரு மூட்டைத் தள்ளும், அந்த மூட்டு வாயைத் தள்ளும். போல்ட் கட்டர் தத்துவம்தான், சட்டைப்பை அளவுக்குச் சுருக்கினது. சாதாரண பிளேயர்ல ஒரே அச்சு, உங்க கைபலம்தான் மூலதனம்.

ஈசிஆர்_லூர்

ஆன்லைன்ல 8 இஞ்ச் மினி போல்ட் கட்டர் 300, 400 ரூபாய்க்கே கிடைக்குதே அண்ணே. ஆயிரக்கணக்குல செலவு பண்ணணுமா? நான் ரெண்டு வருசமா அதைத்தான் வெச்சிருக்கேன்.

இரும்புக்கடை_தூத்துக்குடி

வெச்சிருக்கீங்க, சரி. வெட்டிப் பாத்திருக்கீங்களா? உங்க பெட்டியில இருக்கிறதுலயே தடிச்ச ட்ரிபிள் ஹூக் ஒண்ணை எடுத்து இன்னைக்கே வெட்டிப் பாருங்க. வெட்டினதும் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. ரெண்டு உதடும் முழுசா ஒட்டியிருந்தா நல்ல சாமான், தைரியமா வெச்சுக்கோங்க. கீத்து மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா வாய் நசுங்கிடுச்சுன்னு அர்த்தம். விலை கம்மியானதுலயும் நல்லது வரும். ஆனா ஒரே பெட்டியில வந்த ரெண்டு பீஸ் ஒரே மாதிரி இருக்காது, அதைத்தான் நான் கடையில தினமும் பாக்குறேன். சோதிக்காம கடலுக்குக் கொண்டுபோகாதீங்க.

தூத்தூர்_ஆழ்கடல்

எங்க ஆளுங்களுக்கு இந்தக் கதை வேற. அப்பா, சித்தப்பா எல்லாரும் ஆயிரங்கால் தூண்டில்தான், ஒரே நீளக் கயித்துல வரிசையா நிறைய முள்ளு கட்டி விடுறது. தேங்காய்ப்பட்டினத்துல இருந்து போனா திரும்பி வர ஒரு மாசம் கூட ஆகும். சூரைக்கும் சுறாவுக்கும் போடுற முள்ளு 4 மில்லிக்கு மேல தடிமன். நீங்க சொல்ற 8 இஞ்ச் கட்டர் அதுல பல்லு உடையும். படகுல 18 இஞ்ச் போல்ட் கட்டர் கிடக்கும், அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு வேற ஒருத்தன்தான் வெட்டணும்.

ஆனா அதுக்கு முந்தி ஒரு காரியம் உண்டு. தூண்டில் விடும்போது படகு ஓடிக்கிட்டே இருக்கும். முள்ளு ஒருத்தன் கையில மாட்டினா கயிறு அவனையும் கொண்டுபோயிடும். அங்க கட்டருக்கு நேரம் கிடையாது, கத்திதான். முள்ளு விடுற ஆளுக்குப் பக்கத்துல ஒருத்தன் கத்தியோட நிப்பான், அவனுக்கு வேற வேலை கொடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு. அப்பாவோட வலது உள்ளங்கையில ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு, பொடி மீனு மாதிரி நீளமா. நடுக்கடல்ல ஆஸ்பத்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முனையை வெளிய தள்ளி, முனைக்குப் பின்னால எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கிற எதிர்முள்ளை வெட்டி, வந்த வழியே எடுத்தாங்க. மரத்துப்போற ஊசி கிடையாது. சித்தப்பா அவர் தலையைத் தன் மடியில வெச்சுப் பிடிச்சிக்கிட்டாராம். இப்பவும் ஐஸ் கட்டியைப் பிடிச்சா அந்தக் கையில ரெண்டு விரல் விறைக்குது.

கரைக்குப் பக்கமா காயாக்ல போறவங்க கத்தியும் வெச்சுக்கோங்க. மீன் இழுக்குதுன்னா முதல்ல லைனை அறுக்கணும்.

வார்டு_சிஸ்டர்

கடலோர ஊர் அரசு ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல இருக்கேன். முள்ளோட வர்றவங்களை அடிக்கடி பாக்குறேன், அதனால ஒண்ணு கேட்டுக்கறேன்: தயவுசெஞ்சு தோலோட ஒட்ட வெட்டாதீங்க.

நல்ல கட்டர் கையில இருந்தா உடனே தோணுறது, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறதை நறுக்குன்னு வெட்டி விட்டுடலாம்னு. அப்படி வெட்டிட்டு வந்த ஒருத்தருக்கு வெளிய ஒரு மில்லி கூட இல்லை, உள்ள வளைவும் எதிர்முள்ளும் முழுசா கிடந்துச்சு. நாங்க பிடிச்சு இழுக்க எதுவுமே இல்லாம, கடைசியில எக்ஸ்ரே எடுத்து, கீறித்தான் எடுக்க வேண்டியதாச்சு. அஞ்சு நிமிச வேலை ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அவருக்கு எவ்வளவு வலின்னு நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

கட்டரோட வேலை முள்ளை எடுக்கிறது இல்லைன்னு மனசுல வெச்சுக்கோங்க. மீனை விட்டும் லூரை விட்டும் ஆளைப் பிரிக்கிறதுதான் அதோட முதல் வேலை. ட்ரிபிள் ஹூக்கா இருந்தா, குத்தாம வெளிய இருக்கிற மத்த ரெண்டு முனையையும் வெட்டிடுங்க, இல்லைன்னா கைப்பிடிச்சு உதவி பண்ணுறவங்களுக்கும் அது ஏறும். குத்தின முனையோட தண்டை மட்டும் நீளமா விடுங்க.

வெட்டும்போது ஈரத்துணியால மூடிக்கிட்டு வெட்டுங்க. முறுக்கேத்தின இரும்பு, வெட்டின துண்டு தெறிக்கும். ரெண்டு பேரும் கண்ணாடி போட்டிருக்கணும், வெயில் கண்ணாடி ஆனாலும் சரி. விரல்ல குத்தியிருந்தா மோதிரத்தை அப்பவே கழட்டுங்க. வீங்கின பிறகு மோதிரத்துக்கும் கட்டர் தேட வேண்டி வரும்.

எதிர்முள் ஆழமா போகாம, ஒரே முனை, சதைப்பகுதின்னா நூல் முறை ஒண்ணு இருக்கு. 1961-ல ஆஸ்திரேலிய மருத்துவ இதழ்ல வந்தது, அங்கத்த மீனவங்க செஞ்சதைப் பாத்து எழுதினது. முள்ளோட வளைவுல தடிச்ச நூலைக் கோத்து, அடிபட்ட இடத்தை அசையாம ஒரு பலகை மேல வெச்சு, ஒருத்தர் தண்டைத் தோலோட படியற மாதிரி லேசா கீழ அமுக்கணும். அந்த அமுக்கத்துல எதிர்முள் சதையை விட்டு விலகும். அப்போ தோலுக்கு இணையா நூலைச் சட்டுனு ஒரே இழுப்பா இழுத்தா, போன வழியே வந்துடும். இழுக்கிற திசையில யாரும் நிக்கக் கூடாது, முள் பறந்து வரும். காது மடல் மாதிரி ஆடுற இடத்துல இது ஆகாது. தைரியம் இல்லைன்னா செய்யவே வேண்டாம், எங்ககிட்ட வாங்க. நாங்க மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் எடுப்போம்.

கண், இமை, கழுத்து, விரல் மூட்டு, மணிக்கட்டு இதுல எங்க குத்தினாலும் இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கண்ணுல பட்டா ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து, அது முள்ளைத் தொடாம ஒட்டிக்கிட்டு நேரா கண் ஆஸ்பத்திரி. சென்னைன்னா எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, தெக்க இருக்கிறவங்களுக்கு மதுரை, திருநெல்வேலி அரவிந்த். லைனை மட்டும் அறுங்க. கண்ணுல இருக்கிற முள்ளுல கட்டரை வெச்சு அழுத்தினா அந்த அசைவே போதும், பார்வை போக.

முட்டுக்காடு காயாக்

சிஸ்டர், மனசு பதறிடுச்சு. நான் அன்னைக்கு ஒட்ட வெட்டத்தான் முயற்சி பண்ணினேன். வெட்டுப்படாம போனதே நல்லதுன்னு இப்போ நினைக்கிறேன். எவ்வளவு நீளம் விடணும்?

வார்டு_சிஸ்டர்

தம்பி, உங்க மேல தப்பே இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. முடிஞ்ச வரைக்கும் தண்டு முழுசா, குறைஞ்சது ரெண்டு சென்டிமீட்டர். எங்க கருவியோட வாய் கவ்வுற அளவுக்கு. லூரை ஸ்ப்ளிட் ரிங்ல கழட்ட முடிஞ்சா அதுதான் ரொம்ப நல்லது. நீங்க கடைசியா செஞ்சது சரியான வேலை.

நண்பருக்கு டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டாங்களா? கடைசி ஊசி போட்டு 5 வருசத்துக்கு மேல ஆச்சுன்னா இந்த மாதிரி அழுக்குக் காயத்துக்குப் போடணும்.

வாவிக்கரை_மட்டக்களப்பு

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் இதைக் குறடு எண்டுதான் சொல்லுறது, வெட்டுக் குறடு. வாவியில இடுப்பளவு தண்ணியில நிண்டு கொடுவாவுக்கு எறியிறனாங்கள், வள்ளம் இல்லை. ஆனபடியால் எல்லாச் சாமானும் உடம்பிலதான்.

எங்க வைக்கிறது எண்டதை ஒருவரும் சொல்லேல்லை. நான் வலக்கைக்காரன். முதல் வலப்பக்க இடுப்பில கட்டியிருந்தனான். ஒருநாள் முள்ளு ஏறினதே வலக்கையில. இடக்கையால வலப்பக்க இடுப்பில இருக்கிற உறையைத் திறக்க ஏலாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப நெஞ்சுக்கு நடுவில, சுருள் கயிற்றில தொங்குது. எந்தக் கையாலயும் எட்டும்.

கைப்பிடியைப் பூட்டி வைக்கிற கொளுக்கியையும் பாருங்கோ. ஒரு கையின்ர பெருவிரலால திறபட வேணும். உப்புப் பிடிச்சு இறுகிப் போனால் குறடு இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

இன்னொரு விசயம். என்ர மச்சானுக்குச் சின்னதா ஒரு குத்து, முள்ளைத் தானே எடுத்துப்போட்டுப் பேசாமல் இருந்திட்டார். மூண்டு கிழமைக்குப் பிறகு அந்த இடத்தில ஒரு கட்டி, பிறகு கை வழியே மேல மேல இன்னும் ரெண்டு. சிஸ்டர், அது என்னவாயிருக்கும்?

வார்டு_சிஸ்டர்

அண்ணா, பாக்காம நான் சொல்லக் கூடாது. ஆனா மீன், தண்ணி சம்பந்தப்பட்ட காயத்துல வாரக்கணக்குல கழிச்சு கட்டி வந்து, கை வழியா மேல வரிசையா ஏறினா மைக்கோபாக்டீரியம் மரினம்னு ஒரு கிருமியை நாங்க யோசிப்போம். காசநோய்க் கிருமியோட உறவு. சாதாரண மருந்துக்கு அடங்காது, மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். அவரைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மீன்பிடிச்சப்போ குத்தினதுன்னு கண்டிப்பா சொல்லச் சொல்லுங்க. அதைச் சொல்லலைன்னா டாக்டருக்கு அந்த யோசனையே வராம போகலாம்.

இதுக்கு நேர் எதிரா, குத்தின சில மணி நேரத்துல கை வேகமா வீங்கி, கருஞ்சிவப்பாகி, கொப்புளம் கட்டி, காய்ச்சல் வந்தா அது கடல்தண்ணியில இருக்கிற விப்ரியோங்கிற கிருமியா இருக்கலாம். கல்லீரல் கோளாறு உள்ளவங்க, சர்க்கரை உள்ளவங்க ராத்திரி ஆனாலும் காத்திருக்கக் கூடாது. காயத்துல மண்ணெண்ணெய், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு அஞ்சு நிமிசம் கழுவுங்க, போதும்.

விரால்_வேட்டை

நான் வைகை அணைப் பக்கம், கம்மாயிலதான். விராலுக்குத் தவளை லூர். அதுல ரெட்டை முள், மேல்நோக்கி இருக்கும். நான் எல்லா முள்லயும் பார்பை, அதான் எதிர்முள்ளை, நசுக்கி விட்டுடறேன். ரெண்டு தடவை விரல்ல ஏறியிருக்கு, ஏறின மாதிரியே வந்துடுச்சு. கட்டரை விட இது பெரிய பாதுகாப்புன்னு நான் நம்பறேன். மீனும் நினைக்கிற அளவுக்குக் கழண்டு போறதில்லை, லைனைத் தளர விடாம இருந்தா போதும்.

தூத்தூர்_ஆழ்கடல்

நீங்க சொல்றது உங்களுக்குச் சரி. எங்களுக்கு ராத்திரி பூரா முள்ளு தண்ணியில கிடக்கும், மீனு மாட்டி மணிக்கணக்குல இழுக்கும். எதிர்முள்ளு இல்லைன்னா வீட்டுல அடுப்பு எரியாது. பொழுதுக்காகப் பிடிக்கிறவங்க எல்லாரும் நசுக்கிடுங்க, அது நல்ல காரியம்.

இரும்புக்கடை_தூத்துக்குடி

பராமரிப்பு பத்தி யாரும் கேக்கலை, நானே சொல்றேன். கடினமான வாய் உள்ள கட்டர் பெரும்பாலும் துருப்பிடிக்காத இரும்பு இல்லை. துருப்பிடிக்காதுன்னு விக்கிற மீன்பிடி பிளேயர்கள்ல வாய் அவ்வளவு கடினமா இருக்கிறது அபூர்வம். லைன் வெட்டும், முள் வெட்டத் திணறும். அதனால துருப்பிடிக்கிற கட்டரையே வாங்கி, ஒழுங்கா பாத்துக்கிறதுதான் வழி. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில முக்கி, நாலஞ்சு தடவை வாயைத் திறந்து மூடி, துடைச்சு, வெயில்ல காயவெச்சு, அச்சுல ரெண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் ஆனா பிசின் மாதிரி ஆகி அச்சு இறுகும்.

வெட்டும்போது முள்ளை வாய் நுனியில பிடிக்காதீங்க, அச்சுக்கு எவ்வளவு கிட்ட போகுமோ அவ்வளவு உள்ள வெச்சு அமுக்குங்க. ஆட்டாதீங்க, திருகாதீங்க. திருகினா கட்டர் பல்லும் போகும், தம்பி சொன்ன மாதிரி ஆளோட சதையும் கிழியும்.

ஈசிஆர்_லூர்

அண்ணே, சொன்ன மாதிரி வெட்டிப் பாத்தேன். முதல் ஹூக் வெட்டிச்சு. ரெண்டாவதுல வாய் மூடலை. வெளிச்சம் தெரியுது. ரெண்டு வருசம் இதை நம்பி என் பையனையும் கூட்டிட்டுப் போயிருக்கேன். நன்றி அண்ணே.

முட்டுக்காடு காயாக்

வாங்கிட்டேன். 8 இஞ்ச் கோபோல்ட். கால் கிலோவுக்கு மேல கனம், லைஃப் ஜாக்கெட் முன்பையில தலை மட்டும் வெளிய தெரியுது. நண்பனும் பாதிக் காசு போட்டான்.

நேத்து ராத்திரி ரெண்டு பேரும் மொட்டை மாடியில உக்காந்து சோதிச்சோம். ஹூக்கை ஒரு கோழி நெஞ்சுத் துண்டுல குத்தி, ஈரத்துணி மூடி, கண்ணாடி போட்டு வெட்டினோம். வெர்னியர்ல அளந்தா என் பெட்டியிலயே தடிச்ச ட்ரிபிள் 2 மில்லி. முதல் முனையை வெட்டும்போது பெரிசா பலமே தேவைப்படலை, டக்குன்னு ஒரு சத்தம், துண்டு துணிக்குள்ள. இறைச்சியில இருந்த முனை அசையவே இல்லை. வயரிங் பிளேயரால அன்னைக்கு நான் அவன் கையில பண்ணினது கண்ணு முன்னால வந்துச்சு.

அப்புறம் இடது கையால மட்டும் செஞ்சு பாத்தோம். எனக்கு வந்துச்சு. அவனுக்கு வரலை, கை சின்னது, கைப்பிடி முழுசா விரிஞ்சா விரல் எட்டலை. பாதி மூடி வெச்சுக்கிட்டு முள்ளை உள்ள விட்டா எட்டுது. உங்க கைக்கு எட்டுதான்னு கடையிலயே ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. சின்னக் கைன்னா இதே கட்டர்ல 160 மில்லி சைஸும் இருக்கு, வெட்டுற தடிமன் கொஞ்சம் குறையும்.

லூர் எல்லாத்துலயும் பின்பக்க ட்ரிபிளை எடுத்துட்டு ஒத்தை முள் போட்டு, பார்பை நசுக்கிட்டோம். மட்டக்களப்பு அண்ணன் சொன்ன மாதிரி சுருள் கயிறு கட்டி நெஞ்சுக்கு நடுவுல. கத்தி இடது தோள்பட்டையில. அவனுக்கு டிடி ஊசியும் போட்டாச்சு சிஸ்டர், சீட்டைப் பாத்து உறுதிப்படுத்திட்டேன்.

தையல் பிரிச்சு ஒரு வாரம் ஆகட்டும்னு அவன் அம்மா சொல்லியிருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தான் தண்ணி.